ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு அலமாரி: அளவெடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

நம் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சமையலறை லாஃப்ட் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஓடும். அதன் கீழே நிற்கிற இரண்டு கதவு ஃபிரிட்ஜ் ஐந்தரை அடி சுமார் இருக்கும். நடுவில் மிஞ்சுகிற ஒன்றரை அடியில் என்னவெல்லாம் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரெட் பாக்கெட், கேஸ் புத்தகம், மூடி தொலைந்த டப்பாக்கள், வார இதழ்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பை வைத்துத் தைத்த ஒரு ஃபிரிட்ஜ் கவர். சின்னச் சமையலறையில் அந்த இடம் ஒரு சொத்து. ஒரு அலமாரி அடித்துவிட்டால் மேடையில் கிடக்கிற பாதிச் சாமான் ஏறிவிடும்.

ஆனால் மற்ற அலமாரிகளை அளவெடுப்பது போல இதை எடுக்கக் கூடாது. சுவருக்கும் லாஃப்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் பெட்டி செய்துவிட்டால் அது தவறான பெட்டி. ஃபிரிட்ஜ் மூச்சுவிட எவ்வளவு வேண்டும், வீட்டில் உயரம் குறைந்தவரின் கை எதுவரை எட்டும் என்ற இரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் அலமாரியின் அளவு. இதை நாங்கள் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். முதலில் செய்த பெட்டி ஃபிரிட்ஜின் தலையில் விரல்கூட நுழையாமல் உட்கார்ந்திருந்தது. பார்க்க அத்தனை அழகு. அந்த மே மாதம் கம்ப்ரெஸர் நிற்கவே இல்லை. பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது, தயிர் இரண்டாம் நாளே புளித்தது. பழுதுபார்க்க வந்தவர் ஃபிரிட்ஜைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலே கையை நீட்டித் தடவினார். "மேல இப்படி அடைச்சு வெச்சா சூடு எந்தப் பக்கம்மா போகும்?" என்றார். பெட்டியைக் கழற்றி, அடிப்பலகையை உயர்த்தி, மறுபடியும் மாட்டினோம். பலகைக்கும் கூலிக்கும் இரண்டு முறை செலவு.

காற்றுக்கு விட வேண்டியது

ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிற இயந்திரம். பழைய மாடல்களில் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை தெரியும், சூடு அந்த வழியாக வெளியேறும். இப்போது வருகிற பலவற்றில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவர்களின் தகட்டுக்கு உள்ளேயே ஓடுகின்றன. அதனால்தான் பக்கங்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன. வெளியே வந்த சூடு மேலே எழும். மேலே லாஃப்ட் கான்கிரீட் மறிப்பதால் அது முன்பக்கமாகத்தான் வெளியேற முடியும். அலமாரியின் அடிப்பலகைக்கும் ஃபிரிட்ஜின் தலைக்கும் நடுவே நீங்கள் விடுகிற சந்துதான் அதற்குப் புகைபோக்கி.

எவ்வளவு விட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அதுவே கடைசி வார்த்தை. கையேடு தொலைந்திருந்தால் மேலே 10 செ.மீ., பின்னாலும் இரண்டு பக்கமும் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடக் குறைக்க வேண்டாம். ஃபிரிட்ஜின் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகுப்பு போட்டிருக்கும். 'டி' (T) என்று இருந்தால் சுற்றுப்புறம் 43 டிகிரி வரை தாங்கும், 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை. சென்னையிலோ வேலூரிலோ கோடையில் வெளியே 40 தொடுகிறபோது, அடைத்த மூலைக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன் வாயு ஓடுகிறது. கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் எரியக்கூடியது. காற்றோட்டத்தை அடைக்காதீர்கள் என்று கையேடுகள் அழுத்திச் சொல்வது இதற்காகவும்தான்.

சிலர் இந்தச் சந்து அசிங்கமாகத் தெரிகிறது என்று முன்னால் ஒரு பட்டி அடித்து மறைத்துவிடுவார்கள். செய்யவே செய்யாதீர்கள். அலமாரி வந்த அன்றே ஃபிரிட்ஜ் கவரையும் எடுத்துவிடுங்கள். சந்துக்குள் தட்டு, பேப்பர் எதையும் செருக வேண்டாம்.

டேப்பைக் கையில் எடுக்கும்போது

ஆசாரி அடி, அங்குலத்தில் பேசுவார். பிளைவுட் கடையில் மில்லிமீட்டர். நீங்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே எழுதுங்கள். நான் சென்டிமீட்டரில் சொல்கிறேன்.

முதலில் ஃபிரிட்ஜை வெளியே இழுத்து, அது நிரந்தரமாக நிற்கப்போகிற இடத்தில், பின்னால் 5 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். ஸ்டாண்டு வைத்திருந்தால் ஸ்டாண்டோடு அளக்க வேண்டும். உயரம், அகலம், கதவு சேர்த்த ஆழம், கதவு சேர்க்காத ஆழம் என நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவருக்குச் சுவர் அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவையே எடுங்கள். பூச்சுவேலை செய்த சுவர் எதுவும் நேராக இருக்காது. ஏழடிக்குள் ஒரு செ.மீ. சாய்வது சாதாரணம். தூக்குக்குண்டு இருந்தால் விட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். லாஃப்டின் அடிப்பக்கமும் மட்டமாக இருக்காது, முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். லாஃப்டின் அடி 213 செ.மீ., ஃபிரிட்ஜ் 164. நடுவே 49. காற்றுக்கு 10 போனால் 39. மேலே சிமெண்டு மேடுபள்ளத்துக்கு 2 விட்டால் பெட்டியின் உயரம் 37. அகலம் 76 இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் பெட்டியைத் தாங்கத் தரையிலிருந்து எழும்பும் பக்கப்பலகைக்கு 2, சுவர்ப்பக்கம் நிரப்புப் பட்டிக்கு 3. மிச்சம் 71. அந்த மூன்று செ.மீ. பட்டி வீண் இல்லை. சுவரை ஒட்டி நேரடியாகப் பெட்டியை வைத்தால் அந்தப் பக்கக் கதவின் கைப்பிடி சுவரில் இடிக்கும், முழுசாகத் திறக்காது. சுவரின் கோணலுக்கு ஏற்றாற்போல் இழைத்துப் பொருத்திக்கொள்ளவும் அந்தப் பட்டிதான் இடம் கொடுக்கும்.

ஆழத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மேடைக்கு மேலே இருக்கிற அலமாரிகள் ஓரடி ஆழம்தானே, இதையும் அப்படியே செய்துவிடுவோம் என்று தோன்றும். ஃபிரிட்ஜோ இரண்டடிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டிக் கையை நீட்டி, பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கும். தினமும் ஸ்டூல்தான். ஆகவே பெட்டியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். 55 செ.மீ. ஆழம் நல்ல அளவு. லாஃப்ட் இரண்டடி நீண்டிருந்தால் அதன் விளிம்புக்குள் அடங்கிவிடும். ஃபிரிட்ஜின் கதவு மட்டும் பெட்டியைவிட முன்னால் நிற்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூலையில் கான்கிரீட் தூண் துருத்திக்கொண்டிருக்கிற வீடுகள் நிறைய. ஒன்பது அங்குலத் தூண், நாலரை அங்குலச் சுவர், ஆக நாலரை அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் பின்மூலையை அதற்கேற்ப வெட்டி எடுக்கலாம் என்பார்கள். முதன்முறை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பெட்டியின் முதுகைத் தூணின் முகத்தோடு நிறுத்திக்கொண்டு, ஆழத்தில் அந்த 11 செ.மீ.யைக் குறைத்துவிடுங்கள். பின்னால் கிடைக்கும் வெற்றிடம் காற்றுக்கு உதவும்.

அளவெல்லாம் எழுதி முடித்ததும் நேரே கடைக்குப் போகாதீர்கள். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை 71, 37, 55 என்ற அளவுக்கு வெட்டி ஒட்டி, இரண்டு பேர் பிடித்து அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜின் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து காய்கறி டிரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். பிறகு வீட்டில் உயரம் குறைந்தவரைக் கூப்பிடுங்கள். என் அம்மா ஐந்தடிக்கும் ஓரங்குலம் குறைவு. அட்டைப் பெட்டியின் அடியில் அவர் கை பட்டது, உள்ளே பாதி தூரம் போனது. அதற்கு மேல் போகவில்லை. நடுவில் ஒரு தட்டு அடிக்கலாம் என்று வைத்திருந்த யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

பலகை

பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு. ஆனால் சமையலறை ஈரத்தில் ஊதிவிடும், ஊதியதில் ஸ்க்ரூ பிடிக்காது. தலைக்கு மேலே தொங்கப்போகிற சாமானுக்கு அது வேண்டாம். பி.டபிள்யூ.ஆர். (BWR), அதாவது கொதிநீரைத் தாங்குகிற பசையில் ஒட்டிய பிளைவுட் போதும், பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, சுவரில் ஓதம் தெரிகிறது என்றால் மட்டும் ஐ.எஸ். 710 என்று அச்சிட்ட மரைன் பிளைவுட்டுக்குப் போகலாம். பெட்டிக்கு 18 மி.மீ., முதுகுக்கு 6 மி.மீ. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் பெட்டி முடிந்துவிடும், பக்கப்பலகைக்கு இன்னொரு அரை ஷீட். சென்னையில் சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் போனால் அடுத்தடுத்துப் பிளைவுட் கடைகள். உங்கள் ஊர்க் கடையிலும் கேட்டுப் பாருங்கள், அளவைக் கொடுத்தால் மெஷினில் வெட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் அறுப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நேராக இருக்கும்.

மைக்கா வெளிப்பக்கம் 1 மி.மீ. ஒட்டினால், உள்பக்கமும் மெல்லியது ஒன்று ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு ஒரு மழைக்காலம் போனதும் வில்லாக வளைந்துவிடும். வெட்டிய ஓரங்கள் அத்தனையிலும் எட்ஜ் பேண்ட் ஒட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத பின்ஓரங்களையும் சேர்த்து. திறந்த ஓரம் ஈரத்தையும் கரப்பானையும் கூப்பிடும்.

கதவு மேல்நோக்கித் திறக்கிற மாதிரி, ஹைட்ராலிக் பம்ப் வைத்து, ஒற்றைப் பலகையாகப் போடலாமே என்று கடையில் ஆசை காட்டுவார்கள். திறக்க நன்றாகத்தான் இருக்கும். திறந்த பிறகு கைப்பிடி ஏழடிக்குப் போய் நிற்கும், மூடுவதற்கு யாரையாவது கூப்பிட வேண்டும். இரண்டு சின்னக் கதவுகளே சரி, கதவுக்கு இரண்டு ஆட்டோ ஹிஞ்ச், அதாவது தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கீல். பெட்டியின் ஓரத்தை முழுக்க மூடுகிற கதவுக்கு '0 கிராங்க்' என்று கேட்டு வாங்குங்கள். பாதி மூடுவதற்கு 8, உள்ளே அமுங்கி நிற்பதற்கு 16. கைப்பிடி கதவின் கீழ் விளிம்பில் இருக்கட்டும்.

பெட்டியைக் கூட்டுவது

தரையில் பழைய போர்வை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். இரண்டு பக்கம், மேல், கீழ் என நாலு பலகை. சேரும் இடத்தில் ஃபெவிகால் தடவி, 50 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூவுக்கு முன்னால் 3 மி.மீ. பிட்டால் துளை போட்டே ஆக வேண்டும். துளை போடாமல் முறுக்கினால் பிளையின் அடுக்குகள் பிளந்து வாய் திறந்துகொள்ளும். நாலும் சேர்ந்ததும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டியின் மூலைகள் செங்கோணம். இல்லையென்றால் பசை காய்வதற்குள் நீண்ட மூலையைத் தட்டிச் சரிசெய்யலாம்.

முதுகுத் தகட்டுக்கு உள்பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 18 மி.மீ. பலகையில் மூன்றங்குலப் பட்டி கொடுங்கள். பட்டியிலிருந்து பெட்டியின் இரண்டு பக்கத்திலும் ஸ்க்ரூ ஏற வேண்டும். சுவரில் போகிற போல்ட் இந்தப் பட்டியைத்தான் பிடிக்கும். வெறும் 6 மி.மீ. முதுகுத் தகட்டில் போல்ட் போட்டுத் தொங்கவிட்டால் ஒருநாள் தகடு மட்டும் சுவரில் நிற்கும், பெட்டி கீழே கிடக்கும்.

உள்ளே குறுக்காகத் தட்டு வேண்டாம் என்றேன். பதிலாக நெட்டுக்குத்தாக இரண்டு மூன்று தடுப்பு வையுங்கள். தாம்பாளம், இட்லித் தட்டு, சப்பாத்திப் பலகை, பெரிய மூடிகள் எல்லாம் புத்தகம் போல நின்றுகொள்ளும். ஒன்றை எடுக்க மேலே இருக்கிற ஐந்தை இறக்க வேண்டாம், விளிம்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இந்த அலமாரியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சுவரில் ஏற்றுவது

இந்தப் பெட்டி காலியாகவே 25 கிலோ சுமார் வரும். சாமான் 20 கிலோ சேர்த்தால் 45. ஓரடி ஆழப் பெட்டியைப் பின்சுவரில் மட்டும் பிடித்துத் தொங்கவிடலாம். 55 செ.மீ. ஆழம் உள்ளது நெம்புகோல் மாதிரி முன்னால் இழுக்கும், மேல் போல்ட்டுகளைப் பிடுங்கப் பார்க்கும். ஆகவே மூன்று பக்கமும் தாங்க வேண்டும்: பின்சுவர், பக்கச்சுவர், இன்னொரு பக்கம் தரை வரை இறங்குகிற பலகை. அந்தப் பலகையின் காலில் ஈரம் ஏறாமல் கீழே பி.வி.சி. துண்டு வைத்துவிடுங்கள். லாஃப்ட் கான்கிரீட்டில் ஆங்கர் அடித்துத் தொங்கவிடும் யோசனை வேண்டாம். அது மூன்றங்குலம்தான் கனம் இருக்கும், கம்பியில் பிட் மாட்டும், சில்லு பெயரும்.

துளை போடும் முன் மின்பெட்டியில் சமையலறைக்கான எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிடுங்கள். டிரில்லுக்குக் கரண்ட் வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வரட்டும். ஃபிரிட்ஜ் பாயிண்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையே கூடாது, ஒயர் அநேகமாக அந்த வழியில்தான் ஓடும். குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் அந்தப் பக்கம் போய்க் குழாய் எங்கே ஏறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஃபிரிட்ஜை அடுத்த அறைக்கே நகர்த்திவிடுங்கள். சிமெண்டுத் தூசி கம்ப்ரெஸர் பக்கம் போகக் கூடாது.

பிட் உள்ளே போகும்போது கொட்டுகிற தூளைக் கவனியுங்கள். முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும். பிறகு சிவப்பு வந்தால் செங்கல், 8 மி.மீ. ராவல் பிளக்கும் நீள ஸ்க்ரூவும் பிடிக்கும். தொடர்ந்து சாம்பல் நிறத்தில் வந்து, டிரில் முக்கினால் கான்கிரீட், அங்கே ஆங்கர் போல்ட். மாவு மாதிரி வெளிறிய தூள் சுலபமாகக் கொட்டினால் ஏ.ஏ.சி. பிளாக் என்கிற, காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல், சாதாரணப் பிளக் அதில் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்கென்றே நீளமான நைலான் பிளக் கடையில் கிடைக்கிறது. பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். அங்கே பாரம் முழுவதையும் பக்கப்பலகைகளுக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தரை வரை பலகை இறக்கி, சுவரில் சாயாமல் பிடிக்க மட்டும் போல்ட் போடலாம். வாடகை வீட்டுக்கும் இதே வழிதான் நல்லது. இரண்டு கால்கள், மேலே பெட்டி, சுவரில் ஒரே ஒரு ஸ்க்ரூ. காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

பெட்டியின் அடி வருகிற உயரத்தில், அதாவது நம் கணக்கில் 174 செ.மீ., பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு ரீப்பர் கட்டையை ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவிட்டால் பெட்டி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், போல்ட் போடும்வரை கையில் தாங்க வேண்டாம். கதவுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பேராகத் தூக்குங்கள். உட்கார்ந்த பிறகு ரசமட்டத்தை இன்னொரு முறை வைத்துப் பார்த்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். கதவு கடைசியில். ஹிஞ்சில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவைத் திருகினால் கதவு இடமும் வலமும், முன்னும் பின்னும் நகரும், இடைவெளியை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

ஸ்டெபிலைசரைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், அதுவும் சூடாகிற பொருள். ஃபிரிட்ஜை நகர்த்தாமல் ஸ்விட்சை அணைக்க முடிகிற இடத்தில் பாயிண்ட் இருக்கட்டும். பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சாக்கில் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி மாற்றிவிடலாம்.

என்ன வைப்பது

அடியிலிருந்து எப்போதும் கொஞ்சம் வெப்பம் வருகிற இடம் இது. மசாலாப் பொடி வாசனை போய்விடும், எண்ணெய் சிக்கடிக்கும், மாத்திரை வைக்கவே கூடாது. இரும்புக் கல், கல்லுரல், கிரைண்டர் கல் போன்ற கனமானவை தலைக்கு மேலே வேண்டாம். முறுக்கு அச்சு, பண்டிகைக்கு எடுக்கிற வாணலி, டிஃபன் கேரியர், விருந்தாளி வந்தால் எடுக்கிற தட்டுகள் எல்லாம் இங்கே பொருந்தும்.

மாட்டிய அன்றே எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். முதல் வாரம் பாதிப் பாரம் போதும். ரீப்பர் எட்டாத முன்மூலையில், பெட்டியின் அடி விளிம்பை ஒட்டி, நிரப்புப் பட்டிக்குக் கீழே சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பெட்டி அந்தக் கோட்டை மறைத்திருந்தால் முன்பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். சாமானை இறக்கி, மேல் போல்ட்டையும் பக்கப்பலகையின் ஸ்க்ரூக்களையும் பார்க்க வேண்டும். கோடு அப்படியே தெரிந்தால் மிச்சத்தை ஏற்றலாம்.